கற்பிக்க வந்தோர் கற்றவை: யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் ஆசிரியர்

அயல்நாடு சென்று கற்பிப்போர் தம்முடன் கொண்டு செல்லும் அறிவைப் பற்றியே வரலாற்று நூல்கள் பெரிதும் பேசுவன. அந்நாட்டில் அவர்கள் எவ்வாறு வாழத் தலைப்பட்டனர், யாரிடம் எதனைக் கற்றனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுதல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பணியாற்றிய அமெரிக்க மிஷன் ஆசிரியரின் வரலாறு இவ்வினாக்களை ஆராய்தற்கு ஏற்றது. அவர்தம் கல்வித் தொண்டினைப் போற்றுவோரும், மதமாற்ற நோக்கினைக் கண்டிப்போரும் ஒருங்கே கவனியாது விடும் உண்மையொன்று அதில் உண்டு. கற்பிக்க வந்த அவர்கள் இந்நாட்டில் முதலில் மாணவராகவே வாழ நேர்ந்தது என்பதே அவ்வுண்மையாகும்.

யாழ்ப்பாணத்தை அவர்கள் தெரிந்தமைக்குக் காரணம் சாமுவேல் நியூவெல் என்பவரின் பரிந்துரையாகும். 1813 இல் இலங்கை வந்த அவர், இங்கு வழங்கும் தமிழைக் கற்போர் கடலுக்கப்பாலுள்ள தென்னிந்திய மக்களிடத்தும் செல்லலாம் எனக் கருதினார். எனவே, மொழிப் பயிற்சி தொடக்கத்திலிருந்தே இம்முயற்சியின் அடிப்படையாயிற்று. 1815 ஒக்டோபர் 23 ஆம் நாள் நியூபெரிபோட் துறையிலிருந்து புறப்பட்ட 'டிரையட்' என்னும் பாய்க்கப்பல், ஐந்து மாதங்கள் கழிந்து 1816 மார்ச் 22 இல் கொழும்பை அடைந்தது. அதில் வந்தோருள் டானியல் பூர், எட்வேட் வாரன், ஜேம்ஸ் றிச்சட்ஸ், பெஞ்சமின் மெய்க்ஸ் ஆகியோர் ஆளுநர் பிறவுண்றிக்கின் இசைவோடு யாழ்ப்பாணம் வந்தனர். பூரும் வாரனும் தெல்லிப்பழையிலும், ஏனைய இருவரும் வட்டுக்கோட்டையிலும் தங்கினர். பூருக்கு அப்போது வயது 27. அண்டோவரில் இறையியற் கல்வியை முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

அவர்களுக்கு வாய்த்த உறைவிடங்கள் முந்திய ஐரோப்பியர் ஆட்சிகள் விட்டுச்சென்ற பழைய கோயில்களும் அவற்றையடுத்த மனைகளுமாம். பழுதுற்றிருந்த அவற்றைச் செப்பனிட்டுக் குடியேறினர். வெப்பமும் நோயும் அவர்களை வாட்டின. வாரன் நோயுற்று 1818 இல் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். பூரின் மனைவி சூசன் 1821 இலும், றிச்சட்ஸ் 1822 இலும் உயிர் நீத்தனர். 1819 இறுதியில் மைரன் வின்ஸ்லோ, லீவை ஸ்போல்டிங், ஜோன் ஸ்கடர் முதலிய இரண்டாங் குழுவினர் வந்து சேர்ந்திராவிடின் முயற்சி தளர்ந்திருக்கும். 1820 இல் வந்த அச்சாளர் கரட் என்பவருக்குத் தங்கியிருக்க அரசு இசைவளிக்கவில்லை. ஆகவே, உடனிருந்தோர் இறக்கவும் புதியோர் வரவியலாத நிலையில், எஞ்சியோர் ஊர் மக்களையே பெரிதும் சார்ந்து வாழவேண்டியவராயினர்.

ஊரோ அவர்களைத் தன் நிபந்தனைகளோடுதான் ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணம் கல்வியறியாத நாடன்று. திண்ணைப் பள்ளிகளில் அண்ணாவிமார் மணலிலும் ஓலையிலும் எழுதுவித்து, நிகண்டும் நீதிநூல்களும் நெட்டுருப் பண்ணுவித்த மரபு இங்கு நிலைத்திருந்தது. மிஷன் ஊர்தோறும் தொடங்கிய பாடசாலைகளிற் கற்பிப்பதற்குச் சைவர்களான அவ்வண்ணாவிமாரையே அமர்த்தவேண்டியிருந்தது. விடுதியிற் சேர்ந்த பிள்ளைகள் மிஷன் வளவிற் சமைத்த உணவை உண்ணத் தயங்கினர். அதனால் வட்டுக்கோட்டையிலே அவர்களது உணவு அயலிலிருந்த சைவர் ஒருவரின் வளவிற் சமைக்கப்பட்டது. சாதி ஒழுக்கத்தைத் தகர்ப்போம் என்று வந்தவர்கள், பிள்ளைகள் பசியாற வேண்டுமாயின் அவ்வொழுக்கத்தோடு சற்றே இணங்க வேண்டும் என்பதை அறிந்துகொண்டனர்.

பெண்கல்வித் துறையில் இவ்விணக்கம் மேலும் புலப்படுகின்றது. 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்ணைப் படிப்பித்தால் மணமாவது யாங்ஙனம் என்பதே பெற்றோரின் அச்சம். அவ்வச்சத்தை வாதத்தால் நீக்க இயலாமையின், கிறிஸ்தவரை மணக்கும் மாணவியருக்குச் சீதனம் வழங்கும் வழக்கத்தை மிஷன் மேற்கொண்டது. அமெரிக்கர் அறியாத இவ்வழக்கம் அவர்தம் பாடசாலையின் ஒழுங்குகளுள் ஒன்றாயிற்று. ஹரியற் அம்மையார் 1833 இற் காலமானார். 1840 இல் வந்த எலைசா அக்னியூ, மணமாகாது தனித்து இம்மிஷனுக்கு வந்த முதற் பெண்மணியாவார். நாற்பதாண்டளவு உடுவிற் பாடசாலையை நடத்திய அவர், ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாது 1883 இல் யாழ்ப்பாண மண்ணிலேயே மறைந்தார். அவரிடங் கற்ற பெண்களின் புதல்வியரும், அப்புதல்வியரின் புதல்வியரும் அவர்க்கே மாணவியராயினர்.

மொழியையும் கலைகளையும் கற்றமை இவ்வாழ்க்கையின் மற்றொரு பகுதியாகும். 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபரான பூர், கணிதத்தையும் வானியலையும் அங்குக் கற்பித்தார். 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திரகிரகணம் குறித்து, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்புக்கும் பூரின் கணிப்புக்கும் வேறுபாடு தோன்றிற்று. பலர் காண நிகழ்ந்த கிரகணம் பூரின் கணிப்பையே மெய்ப்பித்தது. மேலைநாட்டு அறிவியலின் வெற்றி என இதனைக் கூறுவர். ஆயினும், உள்ளூர்ப் பஞ்சாங்கம் கணிக்கப்படும் முறையைப் பொருட்படுத்திப் பயின்ற பின்னரே பூர் அவ்வாதத்தில் இறங்க முடிந்தது என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது. அவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்ரன் சைவசித்தாந்த நூல்களைப் பயின்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கண்டித்தற்பொருட்டுத் தொடங்கிய கல்வி, அவரளவில் மொழிபெயர்த்து உலகுக்கு அறிவிக்கும் முயற்சியாக வளர்ந்தது.

அகராதிப் பணியில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்னும் வேறுபாடு மறைந்தே போயிற்று. மிஷன் சார்பில் 1842 இல் வெளிவந்த, மானிப்பாய் அகராதி எனப்படும் யாழ்ப்பாண அகராதி, உடுவில் சந்திரசேகர பண்டிதர், சரவணமுத்துப்பிள்ளை ஆகியோரின் உழைப்பால் உருவானது. 1862 இற் சென்னையில் வெளிவந்த வின்ஸ்லோவின் பேரகராதியும், நைற் என்பாரின் தொகுப்பையும் இராமாநுச கவிராயர் முதலிய தமிழறிஞரின் துணையையும் கொண்டெழுந்ததே. 1847 இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மாணவரின் துணையோடு நூல்களை மொழிபெயர்த்தார். மாணவர் தம் நாட்டு உடையையே உடுத்தல் வேண்டும் என்றும் அவர் விரும்பினார்.

எனினும், ஊரோடு இணங்கி வாழ்ந்த இவர்களின் பணியைப் பற்றி இறுதி முடிவு செய்தோர் ஊரறியாதவராவர். செமினரியில் ஆங்கிலம் கற்றோர் போதகராகாமல் அரசாங்க உத்தியோகங்களை நாடுகின்றனர் என்னும் குறை பொஸ்ரனிலிருந்த தலைமைச் சங்கத்தில் எழுந்தது. ஒரே ஒரு முறை தாய்நாடு சென்று மீண்ட பூர், 1855 பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். அவ்வாண்டிலேயே அச்சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சனின் தூதுக்குழு யாழ்ப்பாணம் வந்தது. செமினரி மூடப்பட்டது. அங்குக் கற்ற கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானமை, மூடப்பட்டது எத்தகைய நிறுவனம் என்பதை உணர்த்தும். பழைய மாணவரும் ஊரவரும் அம்முடிவை ஏற்று வாளாவிருந்தாரல்லர். அவர்தம் விடாமுயற்சியின் பயனாக, 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் எழுந்தது.

பிறர் சமயத்தைத் தாழ்வெனக் கருதி வந்தவர் இவ்வாசிரியர் என்பதை மறைத்தலாகாது. அக்கருத்தை எதிர்த்து ஆறுமுகநாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியமையும் இவ்வரலாற்றின் பகுதியே. ஆயினும் அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் நிலைபெற்றவை எவை என ஆராயின், அகராதியும் தமிழ் மருத்துவ நூல்களும் உடுவிற் பாடசாலையும் முன்னிற்கும். அவை யாவும் இந்நாட்டாரிடம் கேட்டும் அவரோடு இணங்கியும் செய்யப்பட்டவை. பண்டிதரும் அண்ணாவிமாரும் மாணவரும் அவற்றில் ஆற்றிய பங்கு, அமெரிக்கரின் பெயர்களோடு ஒருங்கே வைத்து எண்ணப்படல் வேண்டும்.