அகன்ற விளிம்புத் தொப்பி ஜேர்மனிக்கு வந்த வரலாறு

குதிரை என்றவுடன் எம்மவர் மனதில் எழுவன நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளே. அவற்றுக்குச் சேணமும் இல்லை, ஏறுவாரும் இல்லை. ஜேர்மனியில் வளரும் எம் பிள்ளைகளுக்கோ குதிரையேற்றம் பாடசாலை முடிந்தபின் பழகச் செல்லும் ஒரு கலையாகிவிட்டது. அண்மையில் ஒரு தாயார், “மாஸ்ரர், மகள் வெஸ்ரேர்ண் முறையிலை குதிரை ஓடப் பழகுறாள். போட்டிக்கு அந்தப் பெரிய தொப்பி வேணுமாம். எப்பிடிப் பாத்து வாங்கிறது?” என்று என்னிடம் வினவினார். தொப்பிக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் கேட்டவருக்கு விடை தேடிக் கொடுப்பது ஆசிரியத் தொழிலில் ஊறிய பழக்கமாதலால், அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் மாடு மேய்த்தோரின் தொப்பி அது. அதன் மூதாதை மெக்சிக்கோ நாட்டு இடையர் அணிந்த சொம்பிறேறோ. தொப்பி செய்வோர் குடும்பத்தில் பிறந்த ஜோன் ஸ்ரெற்சன் என்பவர், உடல்நலம் தேடி மேற்கே சென்று திரும்பிய பின், 1865 இல் பிலடெல்பியா நகரில் பட்டறை அமைத்து, ‘சமவெளிகளின் தலைவன்’ எனப் பொருள்படும் பெயரிட்டு ஒரு தொப்பியை விற்றார். பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் உரோமத்தை நீராவியாலும் அழுத்தத்தாலும் இறுக்கிச் செய்யப்பட்டது அது. இவ்வாறு இறுக்கிய பொருளையே ஜேர்மனியர் ‘பில்ஸ்’ என்பர். விளிம்பு வெயிலையும் மழையையும் தடுத்தது. உச்சியில் மடிப்பு எதுவும் இருக்கவில்லை. இன்று நாம் காணும் பள்ளங்கள் அணிந்தோர் தம் விருப்பப்படி அழுத்தி உண்டாக்கியவை. அவற்றையே பின்னர் தொழிற்சாலைகள் அச்சில் இட்டன. உரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தியமையால் தொப்பித் தொழிலாளர் பலர் கைநடுக்கமும் மனக்குழப்பமும் உற்றனர் என்பதையும் மறத்தல் ஆகாது. அமெரிக்காவில் அவ்வழக்கம் 1941 இல்தான் நின்றது.

இனித் தாயாரின் கேள்விக்கு வருவோம். காதுகளுக்கு மேலாக, நெற்றியின் நடுவே நாடாவைச் சுற்றி அளத்தல் வேண்டும். இங்குள்ள கடைகளில் அந்தச் சென்ரிமீற்றர் எண்ணே தொப்பியின் அளவு. ஆட்டு உரோமத்தாலான பில்ஸ் மலிவு. முயல் உரோமம் அதனினும் மேல். பீவர் விலை மிக்கது. உள்ளே பொறிக்கப்படும் ‘எக்ஸ்’ குறிகளை மட்டும் நம்பி வாங்குதல் கூடாது, ஏனெனில் அவற்றுக்கு எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. குதிரை பாய்ந்து ஓடும்போது தொப்பி அசையாதிருக்க வேண்டும், நெற்றியில் தழும்பு விழுமளவுக்கு இறுகவும் கூடாது. கோடைக்கு வைக்கோல் தொப்பி அணிவர். எங்கள் ஊர்ப் பனையோலைத் தொப்பியின் உறவினன் என்று அதனைச் சொல்லலாம்.

பேணும் முறை எளிது. உச்சியைக் கிள்ளித் தூக்காமல் விளிம்பைப் பிடித்துத் தூக்குக. மேசையில் வைக்கும்போது கவிழ்த்து வையாமல் உச்சி கீழே இருக்குமாறு வைக்க வேண்டும். இன்றேல் விளிம்பு வளைந்துவிடும். மென்மையான தூரிகையால் உரோமம் சாய்ந்திருக்கும் பக்கமாகவே துடைக்க வேண்டும். நனைந்தால் உள்ளிருக்கும் தோற்பட்டியை வெளியே மடித்துத் தானாக உலரவிடுக. எம்மவர் ஈர உடுப்புகளை எல்லாம் ஹைற்சுங்கின் மேல் போடுவது வழக்கம். தொப்பியை அங்கே வைத்தால் அது சுருங்கிப் பயனற்றுப் போகும். கோடையில் பூட்டிய காரும் அவ்வாறே.

இத்தனையும் சொன்னபின் ஒன்றையும் சொன்னேன்: இத்தொப்பி வெயிலிலிருந்து காக்குமேயன்றி, விழும் பிள்ளையின் மண்டையைக் காக்காது. முதலில் வாங்க வேண்டியது தலைக்கவசமே. வெஸ்ரேர்ண் போட்டிகளில் தொப்பிக்குப் பதிலாக அதனை அணிவதில் குறையொன்றும் இல்லை.

ஆனால், இத்தொப்பி ஜேர்மனிக்கு வந்த கதையே அம்மகளுக்கு நான் சொல்ல விரும்பியது. ‘பவலோ பில்’ எனப்பட்ட வில்லியம் கோடி, 1883 இல் தொடங்கிய தமது குதிரைக் காட்சியுடன் 1890 இல் மியூனிச், டிறெஸ்டன், பேர்லின், ஹம்பேர்க் முதலிய நகரங்களுக்கு வந்தார். கௌபோய்களும் செவ்விந்தியரும் அவருடன் வந்தனர். ஜேர்மன் மக்கள் வியந்து பார்த்தனர். 1893 இல் கார்ல் மாய் எழுதிய ‘வின்னற்று’ நாவல் வெளிவந்தது. அமெரிக்க மண்ணை 1908 வரை மிதியாதவர் அதனை எழுதினார் என்பது வேடிக்கை. மியூனிச்சில் கௌபோய் கழகம் 1913 இல் தோன்றிற்று. பாட் செகபேர்க் நகரில் கார்ல் மாய் விழா 1952 இல் ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலகப் போரின் பின் வந்த அமெரிக்கப் படையினரின் செல்வாக்கும் சேர்ந்துகொள்ள, வேடம் விளையாட்டாயிற்று. ஜேர்மன் வெஸ்ரேர்ண் குதிரையோட்டிகளின் ஒன்றியம் 1978 இல் அமைந்தது. 1986 இல் அவுக்ஸ்பூர்க் நகரில் ‘அமெரிக்கானா’ கண்காட்சி தொடங்கியது.

இந்த வரிசையில் ஓர் ஆண்டை விட்டுவிட்டேன். 1890 டிசம்பர் 29 இல், அமெரிக்காவின் வூண்டட் நீ என்னுமிடத்தில், லக்கோட்டா மக்களை அரச படை சுட்டு வீழ்த்தியது. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனையடுத்துச் சிக்காகோ அருகே செரிடன் கோட்டையில் அடைக்கப்பட்ட கைதிகளுள் 23 பேரை, கோடியின் காட்சியில் சேர்ந்து ஐரோப்பா செல்ல அரசு அனுமதித்தது. கோட்டைச் சிறையிலும் கடல் கடந்த காட்சியே மேல் என அவர்கள் கருதியிருக்கக்கூடும். ‘உதைக்கும் கரடி’, ‘குட்டைக் காளை’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட தலைவர் இருவரும் அவர்களுள் அடங்குவர். 1891 வசந்தத்தில் கால்ஸ்றூவில் தொடங்கிய அச்சுற்றுலா டோட்முண்ட் நகருக்கும் வந்தது. எம்மவர் பலர் இன்று வாழும் அதே டோட்முண்ட். சொந்த மண்ணில் தோற்ற போரை, நுழைவுச்சீட்டு வாங்கியோர் முன்னிலையில் அவர்கள் மீண்டும் மீண்டும் நடித்துக் காட்டினர்.

கதையைக் கேட்டிருந்த மகள், “அவை தலையிலை என்ன போட்டிருந்தவை?” என்றாள். கழுகின் இறகுகள் என்றேன். பார்க்க வந்தவர்கள் விரும்பியதும் அதுவே. 1892 இல் அமெரிக்கா திரும்பிய உதைக்கும் கரடி, மீண்டும் அதே செரிடன் கோட்டைக்கே கொண்டு செல்லப்பட்டார்.