என். ஜி. ரங்காவும் கூட்டுப்பண்ணை எதிர்ப்பும்

என். ஜி. ரங்கா (நவம்பர் 7, 1900 – ஜூன் 9, 1995) உழவர் இயக்கத் தலைவர், பொருளியல் பேராசிரியர், நாடாளுமன்ற உறுப்பினர். சோசலிச பாணி சமுதாயத்தை அரசு இலக்காகக் கொண்டிருந்த காலத்தில், நிலம் உழவர் குடும்பத்திடமே இருக்க வேண்டும் என வாதிட்டவர்.

தொடக்ககாலம்

ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் உள்ள நிடுப்ரோலுவில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பொருளியல் பயின்றபின் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1936-இல் லக்னோவில் அகில இந்திய விவசாயிகள் சங்கம் தோன்றியது. சுவாமி சகஜானந்த சரஸ்வதி அதன் தலைவராகவும் ரங்கா பொதுச்செயலாளராகவும் பொறுப்பேற்றனர்.

உழவர் கட்சி

1951-இல் காங்கிரசிலிருந்து விலகி, கிருஷிகார் லோக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ராஜாஜி அமைச்சரவை அமைக்க ரங்காவின் கட்சி ஆதரவளித்தது. 1955 ஜனவரியில், சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணி சமுதாயமே நோக்கம் எனத் தீர்மானித்தது. அடுத்து வந்த ஆந்திரத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்துக் காங்கிரசுடன் கூட்டணி அமைத்த ரங்கா, பின்னர் அக்கட்சியிலேயே மீண்டும் இணைந்தார்.

நாக்பூர் தீர்மானம்

1959 ஜனவரியில் நாக்பூர் மாநாடு கூட்டுறவுக் கூட்டுப்பண்ணையை வருங்கால வேளாண் முறையாக அறிவித்தது. நிலங்கள் ஒன்றாகச் சேர்க்கப்படும். உரிமை உடையவரிடமே இருக்கும். நிலத்தின் அளவுக்கேற்ப விளைச்சலில் பங்கு கிடைக்கும் என்றது தீர்மானம். சேர்த்து உழுத நிலத்தில் பத்திரம் மட்டும் கையில் இருந்தால் உரிமை நிலைக்குமா என்பதே எதிர்ப்பாளர்களின் கேள்வி. முந்தைய ஆண்டுதான் சீனாவில் மக்கள் கம்யூன்கள் அமைக்கப்பட்டிருந்தன. அது இந்த அச்சத்தைக் கூட்டியது. கடனுக்கும் விற்பனைக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் அமைவதை ரங்கா ஏற்றார். சாகுபடியைக் கூட்டாக்குவதை ஏற்கவில்லை.

காங்கிரசிலிருந்து மீண்டும் விலகினார். அதே ஆண்டு ராஜாஜி முன்னின்று தொடங்கிய சுதந்திராக் கட்சிக்குத் தலைவரானார். 1967 மக்களவைத் தேர்தலில் அக்கட்சி 44 இடங்களைப் பெற்றது.

மதிப்பீடு

ரங்காவின் குரல் நிலமுள்ள உழவரின் குரலே. நிலமற்ற கூலித் தொழிலாளர்க்கு அதில் இடமில்லை என இடதுசாரிகள் குறை கூறினர். சொந்த நிலம் இல்லாதவர்க்கு நில உரிமையைக் காப்பதால் என்ன பயன் என்ற அக்கேள்வி புறந்தள்ளக்கூடியதன்று. எனினும் கூட்டுப்பண்ணைத் திட்டம் நாடளாவிய அளவில் நடைமுறைக்கு வரவில்லை.

1970-களில் காங்கிரசுக்குத் திரும்பிய ரங்கா, 1980 முதல் மூன்று முறை குண்டூரிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். ஆந்திர வேளாண் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. கட்சிகள் பலமுறை மாறின; உழவர் நிலத்தைப் பற்றிய அவரது நிலைப்பாடு மாறவில்லை.