கும்பினி ரைட்டர்கள்

கல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் லால்திக்கிக் குளத்தின் வடபுறத்தே நெடிது நிற்கும் செங்கட்டடத்தைப் பலமுறை கண்டிருப்பார்கள். ரைட்டர்ஸ் பில்டிங் என்பது அதன் பெயர். 2013 வரையில் மேற்கு வங்க அரசின் தலைமைச் செயலகம் அங்கேதான் நடைபெற்றது. ஆயினும், 1777இல் அதனைக் கட்டத் தொடங்கியபோது அமைச்சர்களை எண்ணிக் கட்டவில்லை. கிழக்கிந்தியக் கும்பினியின் கடைநிலை ஊழியர்களை எண்ணியே கட்டினார்கள். ரைட்டர் என்றால் நூலாசிரியர் என்று பொருள் கொள்ளலாகாது. கணக்கேட்டைப் பதிந்து, கடிதங்களுக்குப் பிரதி எடுக்கும் குமாஸ்தா என்பதே பொருள். நம் நாட்டுக் காவல் நிலையங்களில் அச்சொல் இன்றும் ஏறக்குறைய அப்பொருளிலேயே வழங்கி வருகிறது.

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்து, ஓர் அலுவலகத்தின் முதற்படியில் அமர்ந்தவர்கள் நம்மில் பலர். அதே அலுவலகத்தின் வேறொரு பிரிவுக்கு மாறலாமா, மாறுவதாயின் எப்பொழுது மாறுவது என்று எண்ணி உறக்கம் இழந்த இரவுகளும் அவர்களுக்கு உண்டு. ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன் சென்னைக் கோட்டையில் இதே எண்ணத்தோடு ஓர் இளைஞர் இருந்தார். அவர் பெயர் ராபர்ட் கிளைவ். அவருடைய பிற்காலச் செயல்களைப் போற்றுவது நம் கருத்தன்று. பிளாசியையும் அதன் பின்னர் வங்காளம் பட்ட பாட்டையும் நாம் அறிவோம். குமாஸ்தாவாக இருந்த கிளைவே இங்கு நமக்கு வேண்டியவர்.

1743இல் இங்கிலாந்தில் கப்பலேறிய அவர் பிரேசில் கரையில் பல மாதம் தங்க நேர்ந்து, 1744இல் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18. ஆண்டுச் சம்பளம் 5 பவுன். ரைட்டராக 5 ஆண்டு உழைத்தவர் பாக்டர் ஆகலாம். பிறகு இளைய வணிகர், மூத்த வணிகர் என்று படிப்படியாக உயரலாம். திறமையைக் காட்டிலும் வருடக் கணக்கே அங்குப் பெரிதாக மதிக்கப்பட்டது. பொறுமையோடும் உடல் நலத்தோடும் இருந்தவர் ஆலோசனைச் சபையிலும் ஒரு நாள் அமரலாம். சம்பளம் சொற்பமே எனினும், சொந்த வாணிகம் செய்து பொருள் ஈட்டக் கும்பினி இடம் கொடுத்தது. ஆனால் வாணிகத்துக்கு முதல் வேண்டுமே! கையில் முதலில்லாத கிளைவ் துணி மூட்டைகளை எண்ணிக்கொண்டும், வீட்டை நினைந்து ஏங்கிக்கொண்டும், ஓய்வு நேரத்தில் கவர்னருடைய நூல்நிலையத்தில் படித்துக்கொண்டும் காலங் கழித்தார்.

இருந்தும் அவர் தாமாக அவ்விடத்தை விட்டு எழவில்லை. 1746 செப்டம்பரில் லாபூர்தொனே தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையைக் கைப்பற்றியது. அவர் கொடுத்த உடன்படிக்கையைத் தூப்ளே ஏற்க மறுத்தார். அதனால் தம் வாக்குறுதி இனித் தம்மைக் கட்டுப்படுத்தாது எனக் கருதிய கிளைவ், இந்திய உடை தரித்துத் தப்பிக் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் சென்றடைந்தார். அங்கே எழுதுவதற்குக் கணக்கு அதிகம் இல்லை. காப்பதற்கு மதில் இருந்தது. 1747இல் அவருக்கு என்சைன் என்னும் கீழ்நிலைப் படை அதிகாரிப் பதவி கிடைத்தது. அடுத்த ஆண்டு புதுச்சேரி முற்றுகையிலும், 1749இல் கொள்ளிடக் கழிமுகத்திலிருந்த தேவிகோட்டைத் தாக்குதலிலும் அவர் போரிட்டார்.

கதை பாடும் புலவர்கள் இவ்விடத்தில் பேனாவை எறிந்து வாளை எடுத்தான் வீரன் என்று முடித்துவிடுவார்கள். உண்மை அவ்வளவு எளிதன்று. சமாதானம் ஏற்பட்டதும் கிளைவ் வாளை வைத்துவிட்டுக் கணக்குப் பக்கமே திரும்பி வந்தார்! படைப்பணிக்குப் போகாதிருந்தால் எந்த வரிசையில் இருந்திருப்பாரோ, அந்த வரிசையிலேயே கும்பினி அவரைச் சேர்த்துக்கொண்டது. ரைட்டருக்குரிய 5 ஆண்டும் அந்த 1749ஆம் ஆண்டோடு நிறைவெய்தின. படைகளுக்கு உணவுப்பொருள் வழங்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. படையை அறிந்த கணக்கர் ஒருவருக்கு இதனினும் பொருத்தமான வேலை உண்டா? தரகும் ஆதாயமும் மிகுந்த வேலையும் அதுவே. பஞ்சுப்பொதி எண்ணிய நாட்களும் மதில் மேல் நின்ற நாட்களும் இங்கே ஒன்றாகப் பயன் தந்தன.

1751இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் முகம்மதலி முற்றுகைப்பட்டிருந்தார். வெளியே சந்தாசாகிபும் பிரெஞ்சுக்காரரும் நின்றனர். கும்பினிக்கோ படைத்தலைவர் பஞ்சம். அவ்வேளையில் கிளைவ் சபையின் முன் ஒரு வேண்டுகோள் வைத்தார். சம்பளம் வேண்டாம், காப்டன் என்ற தகுதி மட்டும் போதும் என்றார். இந்தப் பேரத்தை நான் பலமுறை எண்ணி வியந்திருக்கிறேன். 5 பவுன் சம்பளத்தில் தொடங்கியவர் சம்பளத்தை வேண்டாமென்று சொல்லக்கூடிய நிலைக்கு முதலில் வந்தார். வந்த பின்னரே இடம் மாறினார். முதல் மாற்றத்தைக் காலம் அவர்மேல் சுமத்தியது. இரண்டாவதை அவரே தேர்ந்தார். தம்மால் செய்ய இயன்றது இன்னதென்று தாமும் அறிந்து, தம் மேலோரும் கண்ணாரக் கண்டு, அந்த வேலைக்கு வேறு ஆளில்லாத வேளை பார்த்துத் தேர்ந்தார்.

ஆகஸ்டு மாதத்தில் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் அவர் பின்னே ஆர்க்காட்டுக்கு நடந்தனர். உடன் சென்ற அதிகாரிகள் 8 பேர். அவர்களுள் நால்வர் கிளைவைப் பார்த்துத் தாமும் வாளெடுத்த கும்பினி வணிக ஊழியர். ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து, முற்றுகையை 50 நாள் தாங்கிய செய்தி யாவரும் அறிந்ததே.

மற்றொரு ரைட்டரின் கதை இதற்கு நேர்மாறானது. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1750இல் கல்கத்தா வந்து, காசிம்பஜாரில் பட்டு வாணிகக் கணக்கைப் பார்த்தவர். 1756இல் சிராஜுத்தௌலா கல்கத்தாவைப் பிடித்தபின், அவரும் துப்பாக்கியைத் தோளில் ஏந்தித் தொண்டர் படையில் சேர்ந்தார். ஆனால் அவர் வாளோடு நிலைத்துவிடவில்லை. அவருடைய கூர்த்த அறிவைக் கண்ட கிளைவ் அவரை அரசியல் பணிக்கே பயன்படுத்தினார். 1758இல் முர்ஷிதாபாத் தர்பாரில் கும்பினியின் பிரதிநிதி. 1772இல் வங்காள கவர்னர். கிளைவ் சென்ற வழியே தாமும் செல்வதென்று ஹேஸ்டிங்ஸ் பிடிவாதம் செய்திருந்தால் இடைத்தரப் படை அதிகாரி ஒருவராய் முடிந்திருப்பார் என்றே தோன்றுகிறது.

இவ்வளவும் சொன்ன பின் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. ரைட்டரின் மேசைக்கு அருகே தரையில் அமர்ந்து கணக்கெழுதிய நம் கணக்கப்பிள்ளைக்குப் பாக்டர் ஆகும் படி இல்லை. துபாஷி பெரும் பொருள் சேர்க்கலாம். சபையில் அமர முடியாது. ஆர்க்காட்டு மதிலைக் காத்த சிப்பாய் சுபேதார் ஆகலாம். காப்டன் ஆக முடியாது. இராமநாதபுரம் சீமையிலே பனையூரில் பிறந்த யூசுப்கான் சிப்பாயாகப் புகுந்து, 1754இல் கும்பினிச் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவரானார். 1758இலும் 1759இலும் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுப் படைக்கு உணவு வரும் வழிகளை இடைவிடாது அலைக்கழித்தவர் அவர். பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆளும் பொறுப்பையும் பெற்றார். அதுவரையில் ஒவ்வோர் இடமாற்றமும் மேலிடத்துக் கட்டளைப்படி நடந்தது. ஆர்க்காட்டு நவாபின் கீழ் நில்லாமல், கும்பினியின் கீழ் நேரே நிற்க வேண்டும் என்பது அவர் தாமாக விரும்பிய மாற்றம். கும்பினி அதற்கு இணங்கவில்லை. 1763இல் போர் மூண்டது. 1764 அக்டோபரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். மதுரையை அடுத்த சம்மட்டிபுரத்தில் அவர் அடங்கிய இடம் இன்றும் இருக்கிறது.