வெளிவராத பாட்டும் வரலாறுதான்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இன்றைய பிள்ளைகள் ராப் பாட்டு கேட்கிறார்கள் என்று நம் வயதுக்காரர்கள் பலர் முகம் சுளிக்கிறோம். அந்தப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். கடைக்கு வந்த பாட்டைவிட, வெளிவராமல் கிடந்து பல வருடம் கழித்துக் கிடைத்த பாட்டின் மேல் அவர்களுக்கு ஆசை அதிகம். அமெரிக்காவில் ஜே டில்லா என்று ஒரு இசைக்கலைஞர் இருந்தார். 2000-களின் தொடக்கத்தில் அவர் பாடிய ஆல்பம் ஒன்று நிறுவனத்தின் அலமாரியிலேயே தங்கிவிட்டது. 2006-இல் அவர் இறந்தார். ஆல்பம் 2016-இல்தான் வெளிவந்தது. விற்காது என்று ஒதுக்கப்பட்டதை இப்போது தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். ஏன்?

இதற்குப் பதில் ஹிப்-ஹாப் பிறந்த கதையிலேயே இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த விருந்தில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஜமைக்காவில் பிறந்து அங்கே குடியேறியவர். அந்த நாளைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். ஆனால் நாடு முழுவதும் விற்ற முதல் ராப் இசைத்தட்டு 1979-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆறு வருடமும் அந்தக் கலை தெருவிலும் பூங்காவிலும் கூடத்திலும்தான் வாழ்ந்தது. மிஞ்சியவை, யாரோ கேசட்டில் பிடித்து கைமாற்றிக்கொண்ட பதிவுகள். அவற்றில் கூட்டத்தின் கூச்சல் இருக்கும், தெருப் பெயர் இருக்கும், வந்திருந்தவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் இருக்கும். இசைத்தட்டில் பாட்டு மட்டும் இருக்கிறது. அந்தக் கேசட்டில் பாட்டோடு ஊரும் இருக்கிறது. 2007-இல் கார்னெல் பல்கலைக்கழகம் ஹிப்-ஹாப்புக்கென்றே ஒரு ஆவணத் தொகுப்பைத் தொடங்கியது.

இனி நம் பக்கம் வருவோம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னை முழுக்க கானா பாடப்பட்டது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவார்கள். டோலக் இல்லையென்றால் காலிப் பெட்டியே தாளம். இறந்தவரின் பெயர், தொழில், அவர் பிள்ளைகளின் பெயர் எல்லாம் அந்த இடத்திலேயே பாட்டுக்குள் வந்துவிடும். 1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' மெட்ராஸ் பாஷையையும் ராப்பையும் சேர்த்தது. 2006-இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டைத் தமிழ்நாடே கேட்டது. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியது. இவையெல்லாம் வெளியே வந்தவை. வராதவை எத்தனையோ மடங்கு.

வராததற்குத் தரம் காரணமில்லை. இதற்கு நம் சென்னையிலேயே பழைய சாட்சி ஒன்று உண்டு. நூறு வருடத்துக்கு முன் பூங்கா நகர் பக்கம் குஜிலி பஜாரில் காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். கொலை வழக்கு, வெள்ளம், ரயில் விபத்து, கள்ளின் கொடுமை என்று ஊரில் நடந்த எல்லாமே பாட்டாக வந்தது. படித்தவர்கள் அதைக் 'குஜிலி இலக்கியம்' என்று இளக்காரமாகப் பேசினார்கள். அந்த நூல்களைத் தேடி எடுத்து ஆய்வு செய்து, ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலை 2004-இல் தந்தார். தேடியவருக்கு அவை எப்படிக் கிடைத்தன? ஒன்று, ரோஜா முத்தையா போன்ற தனி மனிதர்கள் சேர்த்து வைத்தார்கள். இன்னொன்று, 1867-ஆம் வருடச் சட்டம். அச்சான நூலின் பிரதியை அரசிடம் கொடுத்தாக வேண்டும் என்று வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. கண்காணிக்கப் போட்டதுதான், ஆனால் அதன் புண்ணியத்தில் ஏழைகளின் பாட்டும் காப்பாற்றப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பின் 1954-இல் வந்த சட்டப்படி, வெளியாகும் புத்தகத்தின் பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகிறது. ஒலிப்பதிவுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆக, காலணாப் பாட்டுப் புத்தகத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு கானா கேசட்டுக்குக் கிடைக்கவில்லை. எண்பதுகளில் வீட்டுக்கு வீடு டேப் ரெக்கார்டர் வந்ததே, நினைவிருக்கிறதா? கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு பாட்டைப் பதிய முடியாது. நாமோ அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டி, பழைய குரலை அழித்து, புதுப் படப் பாட்டை ஏற்றிக்கொண்டோம். எத்தனை சாவு வீட்டுப் பாட்டு அப்படிப் போயிருக்கும்!

எங்கள் காட்டுப்பள்ளிக்கு இது பாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. கடலோரம் இருந்த காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் மாறிவிட்டது. அங்கே இப்போது கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும். வரைபடத்தில் தேடினால் பழைய தெரு கிடைக்காது. ஆனால் அந்தத் தெருவில் நடந்த ஒரு கல்யாணத்தையோ திருவிழாவையோ யாராவது கேசட்டில் பிடித்திருந்தால், அதில் அந்த ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும். பாட்டுக்கு நடுவே யாரோ யாரையோ முறை சொல்லிக் கூப்பிடுவார்கள். பின்னால் அலைச் சத்தம் கேட்கும். வருவாய்த் துறைக் கோப்பில் இதெல்லாம் இருக்காது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கிடைத்ததையெல்லாம் யூடியூபில் ஏற்றுவது நியாயமில்லை. சாவு வீட்டில் பாடியது அந்தக் குடும்பத்தின் துக்கம். பாடியவர் இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் அவர் வீட்டாரிடமும் கேளுங்கள். பெயரைப் போடுங்கள். பணம் வந்தால் பங்கு கொடுங்கள். பாடியவன் பெயர் தெரியாமல் பாட்டு மட்டும் பிழைப்பது பாதி வரலாறுதான்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நம்முடையது உப்புக்காற்று, நாடாவில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துபோகலாம். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருப்பதைக் கணினியில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம், என்ன நிகழ்ச்சி என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

அப்படி ஏதாவது உங்களிடம் இருந்தால் கீழே சொல்லுங்கள். பாட்டை இங்கே போட வேண்டாம். ஊரையும் வருடத்தையும் மட்டும் எழுதுங்கள், போதும்.