தெருநாயின் நோயும் சுடுகாட்டுப் பூவும்

நம் நடுகல் மரபு மனிதருக்கு மட்டும் உரியதன்று. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் கிடைத்த, மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல்லில், எருமைகளை மீட்கும் பூசலில் மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுடன் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்லெழுத்து சொல்கிறது. அது பயன்பட்ட நாய். ஆகவே அதற்குப் பெயரும் கல்லும் கிடைத்தன. பயன்படாத, நோயுற்ற நாய்க்கு நம்மிடம் என்ன இடம் உண்டு?

சேலம், நாமக்கல் சமவெளியில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் இருக்கிறது. முட்டைக் கோழி, கறவை மாடு, வெள்ளாடு என்று இங்கே எல்லா உயிருக்கும் விலை உண்டு. விலையற்றது தெருநாய் மட்டுமே. அதன் பிறப்புறுப்பில் காலிபிளவர் போன்ற கட்டி வளர்ந்து இரத்தம் சொட்டத் தொடங்கினால் கல்லெறிந்து விரட்டிவிடுகிறோம். மீட்கப்பட்ட நாயைத் தத்தெடுக்க முன்வருபவர்கூட, அது புற்று என்று அறிந்ததும் தயங்குவது இயல்பே.

ஆயினும் இப்புற்று பிற புற்றுகளைப் போன்றதன்று. இது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு, பெரும்பாலும் இணைசேரும்போது, உயிருள்ள புற்றணுக்களாகவே தொற்றுவது. மனிதருக்குத் தொற்றாது. 1876இல் ருஷ்யக் கால்நடை மருத்துவர் நொவின்ஸ்கி இக்கட்டியை நாய்விட்டு நாய்க்கு மாற்றி வளர்த்துக் காட்டினார். உலகெங்கும் உள்ள இக்கட்டிகள் யாவும் என்றோ வாழ்ந்த ஒரே நாயின் உடலணுக்களின் தொடர்ச்சி என்பது 2006இல் மரபணுச் சோதனையால் உறுதிப்பட்டது. அந்த நாய் 4000 முதல் 8500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்திருக்கலாம் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. நாம் விரட்டும் நாயின் உடலில், எடுத்தனூர் நடுகல்லைவிடப் பன்மடங்கு பழைய ஒரு நாயின் சுவடு இருக்கிறது.

மருந்தின் வரலாறும் நம் வாசலுக்கே வருகிறது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட நித்தியகல்யாணி நம் ஊர்களில் தானாகவே முளைத்துக் கிடக்கும் செடி. சுடுகாட்டுப் பூ என்று அதை வீட்டில் சேர்க்காதவர்களும் உண்டு. நீரிழிவுக்கு நாட்டு மருந்தாகப் பயன்பட்ட அதன் இலைகளைக் கனடாவில் ஆராய்ந்தபோது, அவற்றின் சாறு வெள்ளணுக்களைக் குறைப்பது தற்செயலாகத் தெரியவந்தது. அவ்வழியே தொடர்ந்த ஆய்வுகளில் கிடைத்ததே வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்காவில் மனிதருக்கான புற்று மருந்தாக அது ஒப்புதல் பெற்றது; குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் தரப்படுகிறது. நாயின் இந்தத் தொற்றுப் புற்றுக்கும் அதுவே முதல் மருந்து. வாரம் ஓர் ஊசி வீதம் நான்கு முதல் எட்டு வாரங்களில் பெரும்பாலான நாய்கள் முற்றிலும் குணமடைகின்றன.

நாமக்கல் சேலம் மாவட்டத்தில் இருந்தபோதே, 1985இல், அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்கு முன் இத்தகைய கல்லூரி தமிழகத்தில் சென்னையில் மட்டுமே இருந்தது. ஆகவே இவ்வட்டாரத்தினருக்கு மருத்துவம் எட்டாத தொலைவில் இல்லை. வேண்டியது வாரந்தோறும் அழைத்துச் செல்லும் பொறுமை. ஒவ்வோர் ஊசிக்கு முன்பும் இரத்தத்தில் வெள்ளணுக்களைச் சோதிக்க வேண்டும். ஊசி போட்ட பின் சில நாட்கள் நாயின் சிறுநீரையும் மலத்தையும் கையுறையின்றி அள்ளக்கூடாது. வெறிநாய்த் தடுப்பூசி, கருத்தடை இரண்டும் கட்டாயம்.

சட்டமும் இப்போது இங்கேதான் வந்து நிற்கிறது. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடுவது 2001இல் விதியானது. அவ்விதிகள் 2023இல் புதுப்பிக்கப்பட்டன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், விரும்புவோர் தெருநாய்களைத் தத்தெடுக்க உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றது. அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. குட்டியாகவும் அழகாகவும் இருப்பவற்றுக்கு வீடு எளிதில் கிடைத்துவிடும். நோயுற்றவை எஞ்சும்.

எல்லா நோயும் இப்படித் தீர்வதில்லை. டிஸ்டெம்பர் கண்ட நாய் பிழைத்தாலும் வலிப்பு நீடிக்கலாம். எனினும் கண்டதும் அருவருப்பூட்டும் ஒரு நோய், குணமாக்க மிக எளிய புற்றுகளில் ஒன்றாக இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோவிவனுக்கு நம் முன்னோர் கல் நட்டது அது செய்த காவலுக்கு ஈடாக. நோயுற்ற தெருநாய் நமக்கு எதுவும் செய்யவில்லை. ஈடு எதிர்பாராமல் நாம் ஓர் உயிருக்கு என்ன தருவோம் என்பதற்கு அதுவே அளவுகோல்.