அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றில் காற்று: எப்போது ஆபத்து?

கருப்பை அகற்றம், சூலகக் கட்டி, குடும்பக் கட்டுப்பாடு போன்ற அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் ‘வயிற்றில் காற்று தெரிகிறது’ என்று மருத்துவர் சொன்னால் குடும்பமே கலங்கிப் போகிறது. அந்தக் காற்று சாதாரணமானதாகவும் இருக்கலாம். உயிருக்கு ஆபத்தான அறிகுறியாகவும் இருக்கலாம்.

இது ‘வாயு’ அல்ல

நாம் வாயு என்பது குடலுக்குள் இருப்பது. ஏப்பமாகவோ கீழ்வழியாகவோ வெளியேறிவிடும். இதுவோ குடலுக்கு வெளியே, வயிற்றறையில் தங்கும் காற்று. ஓமத் தண்ணீரும் இஞ்சிச் சாறும் இதை வெளியேற்றாது. இரத்தம்தான் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும்.

எப்படி வருகிறது?

சிறு துளையிட்டுச் செய்யும் லாப்பராஸ்கோப்பியில், உறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காக வயிற்றுக்குள் கரியமில வாயு செலுத்தப்படுகிறது. மிஞ்சும் வாயு பெரும்பாலும் சில நாள்களில் மறையும். அதுவரை தோள்பட்டையில் வலி இருப்பதுண்டு. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் புகும் காற்று மறைய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

பெண்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பிறப்புறுப்பிலிருந்து கருப்பை, கருக்குழாய் வழியாக வயிற்றறைக்குப் பாதை இருக்கிறது. கருப்பை அகற்றியவர்களுக்கு உள்ளே போட்ட தையல் பிரிந்தாலும் காற்று நுழையும். இது சில மாதங்கள் கழித்தும் நேரலாம். மருத்துவர் அனுமதிக்கும் வரை தாம்பத்திய உறவைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆபத்தின் அறிகுறிகள்

பெரிய அச்சம் குடலில் ஏற்படும் துளை. அறுவையின்போது குடலில் பட்ட சிறு காயம், வீடு திரும்பிய பிறகே வெளிப்படலாம்.

• குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி
• காய்ச்சல், குளிர் நடுக்கம், தொடர் வாந்தி
• வயிறு உப்பி இறுகுதல்
• படபடப்பு, மூச்சு வாங்குதல், மயக்கம்
• பிறப்புறுப்பில் திடீர் இரத்தப்போக்கு அல்லது நீர்க்கசிவு

இவற்றில் ஏதேனும் இருந்தால், வலி மாத்திரை போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மலேசியாவில் 999 எண்ணை அழைக்கலாம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

காற்றை மட்டும் பார்த்து மருத்துவர்கள் முடிவெடுப்பதில்லை. நோயாளியின் நிலை, இரத்தப் பரிசோதனை, சிடி ஸ்கேன் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். காரணம் தெரியாமலே காற்று மறைந்துவிடுவதும் உண்டு. நோயாளி நலமாக இருந்தால் கண்காணிப்பே போதுமானதாக இருக்கலாம்.

அறுவை நடந்தது பட்டணத்து மருத்துவமனையில், பிறகு காட்டுவது தோட்டத்துக்கு அருகிலுள்ள கிளினிக்கில் என்றால், அங்குள்ள மருத்துவருக்கு முழு விவரம் தெரியாது. ஆகவே டிஸ்சார்ஜ் கடிதத்தைக் கையோடு கொண்டு செல்லுங்கள். என்ன அறுவை, எந்தத் தேதி, துளையிட்டா, திறந்தா என்பதைச் சொல்லுங்கள். தாம்பத்திய உறவு, இரத்தப்போக்கு பற்றிக் கேட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். தேவையற்ற இன்னொரு அறுவையைத் தவிர்க்கவும், தேவையான அறுவை தாமதமாகாமல் இருக்கவும் அந்தப் பதில் உதவும்.