மலையகத் தோட்டங்களில் சினிமா இரசிகர்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குடியுரிமை, சம்பளம், தொழிற்சங்கம் ஆகியவை பற்றி விரிவாக எழுதியுள்ளனர். நாட்டார் பாடல்களும் காமன் கூத்தும் உரிய கவனத்தைப் பெற்றுள்ளன. ஆயின், அதே மக்கள் 1950களிலிருந்து தம் ஓய்வு நேரத்தில் பெரிதும் நாடிய சினிமாவும் வானொலிப் பாட்டும் ஆய்வுக்குரிய பொருளாக அரிதாகவே கொள்ளப்பட்டன. இதற்கு எம் போன்ற முற்போக்காளரே பெரிதும் பொறுப்பாளிகள். கொழுந்தெடுக்கும் பெண் பாடிய தெம்மாங்கை மக்கள் கலை எனப் போற்றிய நாம், அவளே மறுநாள் முணுமுணுத்த சினிமாப் பாட்டை வணிக நச்சு என ஒதுக்கினோம். அபினி உவமையை எடுத்தாண்ட வேகத்தில், மார்க்ஸ் அதே பந்தியில் துயரத்தையும் எதிர்ப்பையும் சேர்த்தே பேசியமையை மறந்தோம். இரசிகரின் மகிழ்ச்சி எத்தகையது, அது எந்தச் சமூக நிலைமையில் தோன்றியது என்னும் வினா கேட்கப்படவேயில்லை.

அச் சமூக நிலைமை நன்கு அறியப்பட்டதே. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அவ்வேழு பேரையும் தெரிவுசெய்த மக்களின் வாக்கைப் பறித்தன. 1977இல் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் வெற்றி பெறும்வரை, ஏறத்தாழ முப்பதாண்டுகள், இம் மக்களால் தம்மவர் ஒருவரைத் தேர்தல் மூலம் பாராளுமன்றுக்கு அனுப்ப முடியவில்லை. தமிழ்ச் சினிமாவும் வானொலியும் மலையகத்தில் வேரூன்றிய காலமும் இதுவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

முதலில் வானொலியை நோக்குவோம். ரேடியோ சிலோனின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் ஆரம்பமாயிற்று. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாடல்களை விலக்க முற்பட்டபோது, தமிழகத்து நேயரும் கொழும்பை நோக்கித் திரும்பினர். எஸ். பி. மயில்வாகனனும் பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது முதலியோரும் கடலின் இரு புறத்திலும் வீட்டுப் பெயர்களாயினர். தோட்டங்களில் முதலில் கணக்கப்பிள்ளை வீட்டிலோ கடையிலோதான் வானொலிப் பெட்டி இருந்தது. டிரான்சிஸ்டர் வந்தபின் லயத்து இஸ்தோப்பிலும் பாட்டுக் கேட்கலாயிற்று.

ஆயினும் பாட்டைவிட முக்கியமான ஒன்று உண்டு. 'நேயர் விருப்பம்' நிகழ்ச்சிக்குத் தபாலட்டை எழுதினால், விரும்பிய பாட்டுடன் எழுதியவர் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லின் பொருளை அறிந்தவர்களுக்கே இதன் கனம் புரியும். அங்கு பேர் என்பது செக்ரோலில் விழும் ஒரு நாட் சம்பளம். கொழுந்தின் நிறை குறைந்தால் அது அரைப்பேர். துரைக்கும் கங்காணிக்கும் தொழிலாளி அவ்வளவே. வாக்காளர் இடாப்பிலும் அவருக்குப் பெயரில்லை. அத்தகைய ஒருவரின் பெயரையும், அவரது தோட்டத்தின் பெயரையும், நாடு முழுவதும் மதித்த ஒரு குரல் பிழையின்றி உச்சரித்தது. இதனை அற்ப சந்தோஷம் என்று சொல்லத் துணிபவர், முழுப்பேரும் வாக்கும் உடையவராகத்தான் இருத்தல் வேண்டும்.

சினிமா வேறு வகையான இன்பத்தைத் தந்தது. சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டன், நாவலப்பிட்டி, நுவரெலியா நகரங்களின் தியேட்டர்களுக்கு மக்கள் மலைப்பாதைகளால் இறங்கி வந்தனர். தமிழ்ச் சமூகத்தில் சகல சாதியினரும் ஒரே கூரையின்கீழ் இருந்து நிகழ்ச்சி பார்த்த முதலிடம் சினிமாக் கொட்டகையே எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டிக்காட்டியுள்ளார். சாதிவாரியாக லயங்கள் ஒதுக்கப்பட்ட தோட்டங்களுக்கு இக் கூற்று இருமடங்கு பொருந்தும். பிரட்டுக்களத்தில் தப்புச் சத்தத்துக்கு வரிசையில் நின்றவர், கலரியில் தம் விருப்பப்படி விசிலடித்தார். பிடிக்காத காட்சியில் கூச்சலிட்டார். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அந்த மூன்று மணி நேரம் அவரிடம் இருந்தது. திரும்பும் வழியெல்லாம் எம். ஜி. ஆரா சிவாஜியா என்ற வாதம். அவ்வாதத்தில் கையாளப்பட்ட நுணுக்கத்தை நமது இலக்கியக் கருத்தரங்குகளிலும் நாம் எப்போதும் கண்டோமில்லை.

எம். ஜி. ஆர். விடயத்தில் ஓர் உரிமைக் குரலும் சேர்ந்திருந்தது. 1917இல் அவர் பிறந்தது இலங்கை மலைநாட்டில்; பொதுவாக நாவலப்பிட்டி எனப்படும். தந்தையின் மறைவின் பின் குடும்பம் கும்பகோணம் சென்றது. எனவே அவர் 'நம்ம ஊர்க்காரர்'. 'தொழிலாளி', 'படகோட்டி' ஆகிய இரு படங்களும் வெளிவந்தது 1964ஆம் ஆண்டு. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, 975,000 நாடற்றோரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென இரு பிரதமர்களும் ஒப்பமிட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எண்ணிக்கைகளாகப் பேரம் பேசப்பட்டவர்களைக் கேட்டு எதுவும் செய்யப்படவில்லை. மறுவருடம் எம். ஜி. ஆர். சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்தார்.

தமிழகத்தில் இரசிகர் மன்றம் தேர்தல் இயந்திரமாயிற்று. 1967இலும் 1977இலும் அதன் பலனைக் கண்டோம். வறிய மக்கள் தம் நலனுக்கு மாறான ஓர் ஆட்சியைப் பிம்பத்தின் வசப்பட்டே தாங்கிப் பிடித்தனர் என எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் வாதிட்டார். தமிழகத்துக்கு அவ்வாதம் வலுவானதே. ஆனால் மலையகத்தில் பிம்பம் கவர்ந்துகொள்ள வாக்கு எதுவும் இருக்கவில்லை. இங்கு இரசிகரின் கரகோஷத்தால் எவரும் ஆசனம் பெறவில்லை. வாக்கு வங்கி என்ற சூத்திரத்தை அப்படியே இங்கு பெயர்த்து நடுவது பொருந்தாது என்பதே எமது கருத்து.

இதனால் எல்லாம் நன்மையே என்று கொள்வதற்கில்லை. 1963இல் 'தோட்டக்காரி' என்னும் உள்ளூர்ப் படம் வெளிவந்தது. தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 'புதிய காற்று' (1975), 'நான் உங்கள் தோழன்' (1978), 'நாடு போற்ற வாழ்க' (1981) ஆகிய படங்களைத் தயாரித்துத் தாமே நடித்தார். முதற் படத்தின் கதை மலையகத்தின் சிறந்த எழுத்தாளரான தெளிவத்தை ஜோசப்புடையது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த ஆண்டுகளையடுத்து, தம் வாழ்வு திரையில் வருவதைக் காணத் தொழிலாளர் திரண்டமை இயல்பே. ஆனால் திரையில் தனியொருவர் நீதி வழங்குவார். தொழிற்சங்கத்திலோ நீதி கூட்டாகப் பெறப்படுவது. இவ்விரண்டும் ஒரே முகத்தில் இணைந்தபோது சந்தாதாரர் இரசிகராகும் அபாயம் எழுந்தது. தலைவர் வருகைக்கு மாலையும் ஆரத்தியும், அவர் பேச்சுக்குக் கேள்வியில்லை என்னும் பழக்கம் இந்த ஒரு சங்கத்துக்கு மட்டும் உரியதன்று. அதனை வளர்த்ததில் சினிமாவுக்கும் பங்குண்டு.

பெண்களின் நிலையும் தனியே நோக்கற்பாலது. கொழுந்தெடுத்து அதிகம் உழைத்தவர் பெண். அவளது சம்பளத்தையும் பல இடங்களில் கணவனே கையேற்றான். தியேட்டருக்குப் போவதா என்பதும் அவன் தீர்மானமே. ஆகவே கலரியின் சமத்துவம் ஆண்களின் சமத்துவம். அவளுக்குச் சொந்தமாக இருந்தது பாட்டு. அதை மலைக்குக் கொண்டுபோகக் காசு வேண்டியதில்லை.

ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோரை அட்டனிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். 1977இன் பின் இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு எம். ஜி. ஆர். முதலமைச்சர். வாக்கும் கிடைத்தது. ஆயினும் நீலகிரியில் அவர்கள் மீண்டும் தேயிலைக் கூலிகளாயினர்; கொடைக்கானல் மலைகளில் சிலர் கொத்தடிமைகளாக இருந்தமை 1980களில் வெளியாயிற்று. 1984இல் கப்பல் நின்றது. அதற்கு முந்திய ஆண்டின் ஜூலை வன்செயலில் கொழும்பில் இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார், விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது, இலங்கைத் தமிழ்ச் சினிமா அதன் பின் நெடுங்காலம் தலைதூக்கவில்லை.

இதற்கிடையே தொலைக்காட்சி வந்துவிட்டது: 1979இல் ஐ.ரி.என்., 1982இல் ரூபவாஹினி. மின்சாரமில்லாத லயங்களில் கார் பற்றறியில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஓடியது. திருவிழாவுக்கு டெக் வாடகைக்கு எடுத்து விடியும்வரை படம் போட்டனர். இன்று தகரக் கூரைகளில் டிஷ் அன்டெனாக்கள். கலரி கலைந்து காம்பராவுக்குள் வந்துவிட்டது. பெண்ணும் முதன்முறையாகத் தன் இடத்திலிருந்தே பார்க்கிறாள். பழைய லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு காம்பராவில் நாடகம் ஓடினால் வசனம் அடுத்த காம்பராவிலும் கேட்கும். மறுநாள் மலையில் கொழுந்தெடுக்கும்போது கதை தெரியாதவள் எவளுமில்லை.